சேர்த்து வளர்த்த கின்னிக்கோழிக் குஞ்சுகள்: உடுமலை வட்டாரப் பண்ணை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தென்னந்தோப்புக்குள் இயங்கும் சிறு பண்ணை ஒன்றில், கின்னிக்கோழிக் குஞ்சுகளும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் பொரித்த நாளிலிருந்தே ஒரே கொட்டகையில், ஒரே வெப்ப விளக்கின் கீழ் வளர்க்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாத வயதில் கலந்த கூட்டமாகவே விற்கப்படுகின்றன. ‘சேர்த்து வளர்த்த குஞ்சு’ என்று சொல்லி விற்கும் பண்ணைக்காரர், வாரச்சந்தையில் கிடைக்கும் கின்னிக்குஞ்சின் விலையைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே கேட்கிறார். அந்தக் கூடுதல் தொகைக்கு ஈடான பயன் வாங்குபவருக்குக் கிடைக்கிறதா என்பதையும், விற்பனையோடு சேர்த்து அவர் தரும் தீவனமும் ஆலோசனையும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதையும் இங்கே எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பண்ணையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே நாட்டுக்கோழி வளர்ப்பவர், பறவைகள் பகல் முழுவதும் மேய்வதற்குத் தோப்போ காடோ வைத்திருப்பவர், கின்னிக்கோழியையும் அதே மந்தையில் சேர்க்க விரும்பினால், இந்தக் குஞ்சுகளை வாங்கலாம். கொடுக்கும் பணம் வீண் போகாது. வீட்டுக்குப் பின்னால் நான்கு சென்ட் இடத்தில் வலையடித்துக் கோழி வளர்ப்பவர் இதை வாங்கக் கூடாது. அவருக்கு எந்தப் பண்ணையின் கின்னிக்கோழியும் பொருந்தாது.

சேர்த்து வளர்ப்பதற்கு ஏன் தனி விலை என்று கேட்பவர்கள் இந்த இரண்டு பறவைகளின் இயல்பையும் சற்றுப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளின் அடர்ந்த புதர்களுக்குள் ஒரு சேவலும் சில பெட்டைகளுமாகச் சிறு குழுவில் வாழ்வது. கின்னிக்கோழியோ சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பெருங்கூட்டமாக அலைந்து, ஆபத்தைக் கண்டால் அத்தனையும் சேர்ந்து கத்தி, இரவில் மரத்தில் அடைவது அதன் வழக்கம். நாட்டுக்கோழிக்குக் கூடு என்பது வீடு. மாலையானால் அது தானாகவே திரும்பி வரும். கின்னிக்கோழிக்குக் கூட்டம்தான் வீடு. கூட்டம் எந்த மரத்தில் ஏறுகிறதோ அதுவே அன்றைய இரவின் இருப்பிடம். எனவே, வளர்ந்த கின்னிக்கோழிகளைச் சந்தையில் வாங்கிவந்து நாட்டுக்கோழிக் கொட்டகையில் விட்டால், அவை முதல் வாய்ப்பிலேயே வெளியேறிப் பக்கத்துத் தோப்புக்குப் போய்விடுவது பரவலாக நடப்பது. குஞ்சுப் பருவத்திலிருந்தே நாட்டுக்கோழிகளோடு வளர்ந்த கின்னிகள் அந்தக் கோழிகளையும் தம் கூட்டமாக ஏற்றுக்கொள்கின்றன. அவை கூடு திரும்பும்போது இவையும் பின்தொடர்கின்றன. பண்ணைக்காரர் விலை வைப்பது இந்தப் பழக்கத்துக்குத்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

பழக்கம் உண்மையிலேயே படிந்திருக்கிறதா என்பதற்கு வாங்குபவர் பண்ணையிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். கொட்டகைக்குள் நுழைந்து குஞ்சுகளைக் கலைத்தால், பெயரளவில் மட்டும் ஒன்றாக அடைக்கப்பட்டவை உடனே இரண்டு கும்பலாகப் பிரிந்து வேறு வேறு மூலைகளுக்கு ஓடும். இங்கே அப்படி நடக்கவில்லை. புள்ளி போட்ட கின்னிக்குஞ்சுகளும் பல நிற நாட்டுக்குஞ்சுகளும் ஒரே மூலையில்தான் குவிந்தன. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒட்டுதல் மாறவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கொட்டகையிலேயே அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிட வேண்டும் என்று பண்ணைக்காரர் சொன்ன அறிவுரையும் சரியானது. ஆறு வாரம் அடைத்து வைப்பது இன்னும் நல்லது என்பேன். திறக்கும்போதும் முதலில் சிலவற்றை மட்டும் வெளியே விட்டு, மற்றவற்றை உள்ளேயே வைத்திருந்தால், வெளியே போனவை உள்ளே இருப்பவற்றின் குரல் கேட்கும் தூரத்தைத் தாண்டுவதில்லை.

குஞ்சுகளின் தரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கின்னிக்குஞ்சு வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது கால்கள். வழுக்கும் தரையில், குறிப்பாகச் செய்தித்தாள் விரித்த தரையில், முதல் வாரத்தைக் கழித்த குஞ்சுகளுக்குக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து போகும். பிறகு அவை நிமிர்வது கடினம். இந்தப் பண்ணையில் தொடக்க நாட்களில் சாக்குத் துணியையும் அதன் பிறகு உமியையும் பரப்புகிறார்கள். தண்ணீர்த் தட்டுகளில் கூழாங்கற்கள் போட்டிருந்தார்கள். சிறிய செயல்தான், ஆனால் பண்ணைக்காரருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை, ஏனெனில் கின்னிக்குஞ்சு விரலளவு ஆழத் தண்ணீரிலும் மூழ்கிச் செத்துவிடக்கூடியது. நனைந்தாலே குளிர்ந்து சாகக்கூடியது. வெப்பமும் முறையாகப் பராமரிக்கப்படுகிறது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். விளக்குக்கு நேர் கீழே நெருக்கியடித்துக் கிடக்காமலும் சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைக்காமலும் குஞ்சுகள் பரவலாக நின்றதைப் பார்த்தபோது, வெப்பமானியைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஒற்றைக் குஞ்சையோ ஒரு ஜோடியையோ அங்கே விற்பதில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் இதனால் எரிச்சலடைவதை நேரில் பார்த்தேன். நான் பண்ணைக்காரர் பக்கம்தான். தனியாக விடப்பட்ட கின்னிக்கோழி நாள் முழுவதும் கத்தியே தன்னையும் அண்டை வீட்டாரையும் களைப்படையச் செய்யும்; ஐந்தாறுக்குக் குறைந்து வாங்குவதில் பொருளில்லை.

பண்ணை தரும் இன்னொரு சேவை, நம் வீட்டு முட்டைகளை வாங்கிப் பொரித்துக் கொடுப்பது. கோழிமுட்டை பொரிக்க 21 நாட்கள் போதும். கின்னிமுட்டைக்கு 26 முதல் 28 நாட்கள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் இன்குபேட்டரில் வைத்தால் கோழிக்குஞ்சுகள் ஏறத்தாழ ஒரு வாரம் மூத்தவையாகிவிடும். அந்த வயதில் ஒரு வார வேறுபாடு என்பது மிகப் பெரியது, ஏனென்றால் மூத்த குஞ்சுகள் இளையவற்றை மிதித்தும் கொத்தியும் தீவனத்தட்டை அண்டவிடாமல் செய்யும். ஆகவே கின்னிமுட்டைகளை முதலில் வைத்து, ஆறு ஏழு நாட்கள் கழித்துக் கோழிமுட்டைகளைச் சேர்த்து, இரண்டும் ஒரே நாளில் வெளிவரும்படி கணக்குப் பார்க்கிறார்கள். அடைக்கோழியின் அடியில் வைக்கும்போதும் கிராமங்களில் இதே கணக்குதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழிக்குஞ்சுகள் ஓரிரு நாள் முந்திப் பொரித்துவிட்டால், தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு எழுந்து போய்விடும், கின்னிமுட்டைகள் பாதியில் குளிர்ந்துவிடும். இன்குபேட்டருக்கு அந்தக் கவலை இல்லை. கின்னிமுட்டையின் ஓடு தடித்தும் பழுப்பேறியும் இருப்பதால், விளக்கொளியில் கருவைப் பார்ப்பது கோழிமுட்டையில் பார்ப்பதைப் போல் எளிதன்று; பண்ணையில் இரண்டாம் வாரம் வரை பொறுத்திருந்தே சோதிக்கிறார்கள். பொரித்த அளவு எனக்கு நிறைவாகவே இருந்தது. பொரிக்காமல் போன முட்டைகளையும் உடைத்துக் காட்டி, எது கரு கூடாதது, எது உள்ளேயே இறந்தது என்று விளக்கியது நான் எதிர்பாராத நேர்மை.

கின்னிக்கோழியே தன் முட்டைகளை அடைகாக்கட்டும் என்று விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது அடைகாக்கும், பொரிக்கவும் செய்யும். பொரித்த மறுநாளே குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லுக்குள் இழுத்துக்கொண்டு தொலைதூரம் நடக்கும். பின்தங்கியவற்றுக்காக அது நிற்பதில்லை. நாட்டுக்கோழித் தாய் நிற்கும், கூப்பிடும், இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். ஒரே மந்தையில் இரண்டையும் வைத்திருப்பதில் உள்ள மிகப் பெரிய ஆதாயமாக நான் கருதுவது இதைத்தான்: கின்னி முட்டையிடட்டும், நாட்டுக்கோழி வளர்க்கட்டும்.

தீவனத்தைப் பொறுத்தவரை இந்தப் பண்ணை தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறது. குஞ்சுகளோடு சேர்த்துப் பண்ணையிலேயே சில்லறையாக அளந்து தரும் குருணைத் தீவனம் பெயரற்ற சாக்கிலிருந்து வருகிறது. புரதம் எவ்வளவு என்று கேட்டால் ‘பிராய்லர் முதல் தீவனம்தான்’ என்பதே பதில். கின்னிக்குஞ்சுக்கு முதல் சில வாரங்களில் 24 சதவீதத்தை ஒட்டிய புரதம் வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சுக்குக் கொடுக்கும் சாதாரணக் குஞ்சுத்தீவனத்தில் 20 சதவீதமே இருக்கும் என்பதால், இரண்டும் சேர்ந்து வளரும் கொட்டகையில் புரதம் கூடிய பிராய்லர் தீவனத்தைத் தேர்வது புரிந்துகொள்ளக்கூடியதுதான். நாட்டுக்குஞ்சுகளுக்கும் அந்தக் கூடுதல் புரதத்தால் தீங்கில்லை. சிக்கல் புரதத்தில் இல்லை, மருந்தில் இருக்கிறது. பிராய்லர் தீவனங்களில் இரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காக மோனென்சின், சாலினோமைசின் போன்ற அயனோஃபோர் வகை மருந்துகள் கலக்கப்படுவது வழக்கம். கோழி தாங்கும் அளவைக் கின்னிக்கோழி தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மோனென்சின் கலந்த தீவனத்தைக் குதிரைகளும் கின்னிக்கோழிகளும் அணுகவிடக் கூடாது என்று அமெரிக்காவில் அதன் லேபிளிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. இந்நிலையில், கின்னிக்குஞ்சு விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பண்ணை, தான் தரும் தீவனத்தில் எந்த மருந்து கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாமல் நிற்பது ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று. தன் கொட்டகையில் எதுவும் ஆகவில்லை என்று பண்ணைக்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அடுத்த சாக்கு வேறு ஆலையிலிருந்து வரலாம் அல்லவா? குஞ்சுகளை இங்கே வாங்குங்கள். தீவனத்தை மூட்டையின் மேல் சீட்டு தைத்திருக்கும் கடையில், மருந்து கலக்காதது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். வளரும் குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தை வைக்கக் கூடாது என்பதையும், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் பண்ணையில் யாரும் சொல்வதில்லை. வயது கலந்த மந்தை வைத்திருப்பவர்கள், பொதுத்தீவனமாக வளர்பருவத் தீவனத்தை வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வைத்துவிட்டால் முட்டையிடும் பெட்டைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, ‘சேர்ந்து வளர்ந்தவை, சண்டையே வராது’ என்று அங்கே தரப்படும் வாக்குறுதி. முதல் நான்கைந்து மாதங்களுக்கு இது உண்மை. அதன் பிறகு, கின்னிச் சேவல்கள் பருவமடைந்து, முட்டைப் பருவமும் தொடங்கும்போது, நிலைமை மாறுகிறது.

நாட்டுச் சேவல்களின் சண்டைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டும் முகத்துக்கு முகம் நின்று, கழுத்து இறகைச் சிலிர்த்து, எம்பிக் குதித்து மோதும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகினால் வென்றது விட்டுவிடும். கின்னிச் சேவலுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. அது பின்னாலிருந்து வேகமாக ஓடிவந்து வால் இறகைப் பிடுங்கும். சேவல் திரும்புவதற்குள் வட்டமடித்து மறுபடியும் பின்பக்கமாக வரும். நாட்டுச் சேவல் ஓடத் தொடங்கினால், ஓடுவதையே காரணமாகக் கொண்டு மேலும் விரட்டும். இரண்டு மூன்று கின்னிச் சேவல்கள் சேர்ந்துகொண்டால் மூச்சு வாங்கி நிற்கும் வரை ஓட்டிவிடும். பணிந்து நிற்கும் சேவலின் உடல்மொழி கின்னிக்குப் புரிவதில்லை. சேவலுக்கும் தன்னைத் தாக்குவது எந்த முறைச் சண்டை என்று புரிவதில்லை. அண்டை நிலத்துக்காரர்கள் இருவர், ஒரே ஆவணத்தை வேறு வேறு மொழியில் வைத்துக்கொண்டு எல்லைத் தகராறு செய்வதைப் போன்றது இது. காயம் பெரும்பாலும் இறகோடு நின்றுவிடுகிறது. எனினும், விரட்டப்படும் சேவல் இரை எடுக்காமல் மெலியும், பெட்டைகளை அண்டாது, முட்டைகளில் கரு கூடுவது குறையும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இடம். விரட்டப்படுவது கண்மறைவுக்குப் போக முடிந்தால் விரட்டல் அத்தோடு முடிந்துவிடும். எனவே தோப்பில் வாழைப்புதரோ, சாய்த்து வைத்த தென்னங்கீற்றோ, அடுக்கிய மட்டையோ ஆங்காங்கே இருக்க வேண்டும். இரண்டு, சேவல்களின் எண்ணிக்கை. பண்ணைகளில் நான்கு அல்லது ஐந்து பெட்டைக்கு ஒரு கின்னிச் சேவல் என்று வைத்துக்கொள்கிறார்கள். கலப்பு மந்தையில் அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடுதலாக வைத்திருக்கத் தேவையில்லை. தொல்லை என்னவென்றால், ஒரு மாதக் கின்னிக்குஞ்சில் சேவலையும் பெட்டையையும் பார்வையால் பிரிக்க முடியாது. நாட்டுக்குஞ்சில் கொண்டை காட்டிக்கொடுத்துவிடும். கின்னியில், ஏறத்தாழ இரண்டு மாத வயதுக்குப் பிறகு குரல்தான் வழி. பெட்டை இரண்டு அசையாக, இரண்டாம் அசை மேலெழும்படி, விடாமல் திரும்பத் திரும்பக் கூவும். சேவலுக்கு அந்த இரண்டசைக் கூவல் வராது, ஒற்றை அசைக் கத்தல் மட்டுமே. பெட்டையும் பயந்தால் ஒற்றை அசையில் கத்தும் என்பதால், ஒற்றைக் கத்தலைக் கேட்டு எதையும் சேவல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரட்டைக் கூவலைக் கேட்டால் பெட்டை என்று உறுதியாகச் சொல்லலாம். மேலும் சில வாரங்களில் சேவலின் தாடி பெரிதாகிக் கிண்ணம்போல் குழிந்து வரும், தலைமேல் உள்ள கொம்புமுடியும் தடித்து உயரும். இவற்றையெல்லாம் விற்கும்போதே ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் கொடுத்தால் பண்ணைக்கு என்ன செலவாகிவிடும்? ‘சண்டையே வராது’ என்பதைவிட அது வாடிக்கையாளருக்குப் பயன்படும்.

கொட்டகை அமைப்பைப் பற்றிப் பண்ணைக்காரர் சொன்னவை பெரும்பாலும் சரியானவை. கின்னி எப்போதும் கொட்டகையின் மிக உயர்ந்த கம்பத்தைத் தேடும். உயரமான கம்பம் ஒன்று மட்டும் இருந்தால் அதற்காக நாட்டுக்கோழிகளைத் தள்ளிவிடும் என்பதால், மேலே கின்னிக்கும் கீழே கோழிக்கும் என்று இரண்டு மட்டமாகக் கம்பங்கள் கட்டச் சொன்னார். தீவனத்தட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி பிரித்து வைக்கச் சொன்னார். மாலையில் கொட்டகைக்குள் சிறிய விளக்கு ஒன்றை எரியவிடச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள அறிவுரை: கின்னிக்கோழி இருண்ட கொட்டகைக்குள் நுழையத் தயங்கி, வாசலில் நின்று கத்திவிட்டு மரத்துக்குப் பறந்துவிடும். உள்ளே வெளிச்சம் இருந்து, கூடவே தினமும் அதே நேரத்தில் ஒரு பிடி கம்பை இறைத்தால், நாட்டுக்கோழிகளுக்கு முன்பே வந்து நிற்கும். மரத்தில் அடையும் கின்னிகளை ஆந்தையும் மரநாயும் ஒவ்வொன்றாகக் குறைத்துவிடும் என்பதால் இந்த ஒரு பழக்கமே மந்தையைக் காப்பாற்றக்கூடியது.

முட்டைப்பெட்டி வைத்தால் கின்னியும் அதில் இடும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில இடும். பெரும்பாலானவை காலையில் கோழிகள் பெட்டிக்குள் போகும் நேரத்தில் வேலியோரப் புல்லுக்குள் மறைந்துவிடும்; பல பெட்டைகள் ஒரே மறைவிடத்தில் இடுவதால், கண்டுபிடித்தால் ஒரு கூடை முட்டை ஒரே இடத்தில் கிடைக்கும். அத்தனையையும் எடுத்துவிட்டால் மறுநாள் இடம் மாறிவிடும்; நான்கைந்தை அடையாளமிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். கொட்டகையை முற்பகல் வரை திறக்காமல் வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே முட்டை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு நூறை ஒட்டி முட்டைகள், அவையும் பருவத்தில்தான். நாட்டுக்கோழி முட்டையைவிடச் சற்றே சிறியவை, ஓடு கெட்டியாக இருப்பதால் எளிதில் உடையாதவை.

பண்ணை வாசலில் எழுதிவைத்திருக்கும் ‘பாம்பு அண்டாது, உண்ணி இருக்காது’ என்ற விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பைக் கண்டால் கின்னிக்கூட்டம் சூழ்ந்து நின்று கத்தும், சிறியதைக் கொத்தியும் கொல்லும் என்பது உண்மை. வானில் வல்லூறு வந்தால் நாட்டுக்கோழிக்கு முன்பே இவை குரல் கொடுக்கின்றன; அந்தக் குரலின் பொருளைக் கோழிகளும் கற்றுக்கொண்டு ஒதுங்குகின்றன. ஒரே மந்தையாக வளர்ப்பதால் கோழிகளுக்குக் கிடைக்கும் காவல் இது. இதனால் பாம்பே வராது என்று நம்பி இருட்டில் டார்ச் இல்லாமல் தோப்புக்குள் நடப்பவர், கின்னிகள் இரவில் உறங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உண்ணியைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் லாங் ஐலண்டில் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வு ஒன்று, கின்னிக்கோழிகள் மேய்ந்த புல்தரையில் வளர்ந்த உண்ணிகள் குறைந்திருந்ததைக் காட்டியது. பின்னர் நடந்த ஆய்வில் இளம் உண்ணிகளின் எண்ணிக்கையில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. குறையும் என்று எழுதினால் விளம்பரம் நேர்மையாக இருக்கும். இருக்காது என்பது மிகை. விளம்பரத்தில் இடம்பெறாத ஒரு நன்மையையும் சேர்த்துக்கொள்ளலாம்: நாட்டுக்கோழியைப் போல் மண்ணைக் கிளறித் தள்ளாமல் மேலாகப் பொறுக்கித் தின்பதால், காய்கறிப் பாத்தியில் கின்னியால் ஏற்படும் சேதம் குறைவு.

நோய்த்தடுப்பில் பண்ணைக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் தருவேன். முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் விடும் வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுவே) தடுப்பு மருந்தை இரண்டு வகைக் குஞ்சுகளுக்கும் கொடுத்துவிட்டே விற்கிறார்கள். ஆனால் தேதி எழுதிய அட்டை எதுவும் தருவதில்லை, கேட்டால் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கின்னிக்கோழிக்கு நோயே வராது என்ற பேச்சு ஊரில் பரவலாக இருக்கிறது, பண்ணையிலும் அதைக் கேட்டேன். கோழியைவிட உடல் உறுதி கூடிய பறவைதான் என்றாலும் வெள்ளைக்கழிச்சல் அதையும் தாக்கக்கூடியது. கலப்பு மந்தையில் தடுப்பூசி போடாத ஒரு பகுதியை விட்டுவைப்பது மந்தை முழுவதற்கும் ஆபத்து. எட்டாவது வாரத்தில் போட வேண்டிய ஊசியை இரண்டுக்கும் ஒரே நாளில் போட்டுவிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டுபோகும்போதும் கின்னிகளை வீட்டில் விட்டுவிடக் கூடாது. அவற்றைப் பிடிப்பது தனிப்பாடு. காலைப் பிடித்துத் தூக்கினால் கால் பிசகும் என்பதால், இரவில் கம்பத்தில் இருக்கும்போது இரண்டு கையாலும் உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும்.

அதே பண்ணையில் வான்கோழியும் அடுத்த அடைப்பில் இருக்கிறது, மூன்றையும் சேர்த்து வாங்குபவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. அந்தத் தள்ளுபடியை மறுத்துவிடுங்கள். கோழியின் குடற்புழு முட்டைகள் வழியே பரவும் கருந்தலை நோய், கோழியில் பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருக்கும்; வான்கோழிக்கோ அது உயிர்க்கொல்லி. கின்னியும் கோழியும் ஒரே தரையில் மேயலாம், முறையாகக் குடற்புழு நீக்கம் செய்துகொண்டால் போதும். வான்கோழியை அந்தத் தரையில் விடக் கூடாது.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்; கொண்டுபோன முதல் வாரத்துக்குள் இறந்த குஞ்சுகளுக்கு, படம் அனுப்பினால் அடுத்த ஈட்டில் மாற்றுக்குஞ்சு தருகிறார்கள். ஆனால் அப்படித் தரும் மாற்றுக்குஞ்சு வயதில் இளையது என்பதால், அதனை மூத்த மந்தையில் நேரடியாக விடாமல் வலை மறைப்புக்கு அப்பால் சில நாட்கள் வைத்துப் பழக்கிய பிறகே சேர்க்க வேண்டும். பஸ் பார்சலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. நான் நேரில் போய் எடுப்பதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கொட்டகையைக் கலைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையைப் பார்சலில் செய்ய முடியாது.

முன்பதிவு செய்பவர்கள் இரண்டு நிபந்தனைகளைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. கின்னியும் நாட்டுக்குஞ்சும் ஒரே ஈட்டில் பொரித்தவையாக இருக்க வேண்டும். தட்டுப்பாடான மாதங்களில் வேறு வேறு ஈட்டுக் குஞ்சுகளைக் கலந்து கொடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது, அப்படிக் கலந்தவற்றுக்குச் சேர்த்து வளர்த்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. மற்றொன்று, குரல் பிரிந்த பிறகு மிகையாகத் தேறும் கின்னிச் சேவல்களை எடைக்கு எடை திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்பவர்களுக்கு மட்டும் இதைச் செய்து தருகிறார்கள். விலைப்பட்டியலில் அது எழுதப்படவில்லை.